கறிக்கு வளர்க்கும் கிடாய்க்குட்டியை எப்போது தாயிடமிருந்து பிரிப்பது?

கேள்வி: 30 மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். ஐந்து மாதம் பால் குடித்தால்தான் கிடாய்க்குட்டியின் கறி நன்றாக இருக்கும் என்கிறார் வியாபாரி. அமெரிக்காவில் சீக்கிரமே பிரிக்கிறார்கள், நீயும் 45 நாளில் பிரி என்கிறான் மச்சான். எதைக் கேட்பது?

பதில்: மச்சான் சொல்வது மாட்டுக்கன்று விவகாரம். அங்கே கறிமாட்டுக் கன்றை வழக்கமாக ஏழு மாத வாக்கில் பிரிப்பார்கள். அதற்கும் முன்னதாகப் பிரித்துத் தானியத் தீவனத்துக்கு மாற்றினால் சதைக்குள் கொழுப்பு நன்றாகப் படரும், அதற்கு அங்கே கூடுதல் விலை. நம் கறிக்கடையில் அப்படிக் கொழுப்புக்கு யார் காசு தருகிறார்கள்?

வியாபாரி சொல்வதும் சரியில்லை. ஈன்ற மூன்று, நான்கு வாரத்தில் தாயின் பால் உச்சத்துக்குப் போய்விடும், பிறகு இறங்குமுகம்தான். மூன்று மாதம் தாண்டிய குட்டி மடியை முட்டுவது பெரும்பாலும் பழக்கதோஷம். தாய்தான் இளைக்கும், அடுத்த சினை தள்ளிப்போகும். ஐந்து மாதக் கிடாய் பட்டியில் பெட்டைகள் மேல் ஏற ஆரம்பிக்கும் தொல்லை வேறு.

அதற்காக 45 நாளிலும் பிரிக்காதீர்கள். தழையைச் செரிக்கும் முதல் இரைப்பையான பெருவயிறு, பிறந்த குட்டிக்கு மிகச் சிறியது. தழையும் தானியமும் தின்னத் தின்னத்தான் அது வளரும், இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் பாலை நிறுத்தினால் முதுகில் சதை பிடிக்காமல் வயிறு மட்டும் பானையாகும். நன்றாக வளர்ந்த கிடாயில் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி தேறும். பானைவயிற்றுக் குட்டியிலோ தராசில் நிற்பது குடலும் தீனியும்தான். சந்தையில் இடுப்பைப் பிடித்துப் பார்க்கும் வியாபாரிக்கு இது உடனே தெரிந்துவிடும்.

ஆகவே நாளை எண்ணாமல் குட்டியைப் பாருங்கள். பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு வந்து, தினமும் தீவனத்தை விடாமல் தின்றால் பிரிக்கலாம். இரண்டரைக் கிலோவில் பிறந்தது என்றால் ஏழரைக் கிலோ. பெரும்பாலான குட்டிகளுக்கு இது 75 முதல் 90 நாளுக்குள் கூடிவரும். ஒற்றைக்குட்டி முந்தும், இரட்டைக்குட்டி பிந்தும்.

இரண்டாவது வாரத்திலேயே தீவனம் காட்டத் தொடங்குங்கள். குட்டி மட்டும் நுழையும்படி தடுப்பு கட்டி, உள்ளே கொஞ்சம் வையுங்கள். 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளக் குருணை 40, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 27, தாது உப்பு 2, சாதா உப்பு 1. பூசணம் பிடித்த புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். வேலிமசால் என்ற தீவனத் தழையைக் கட்டித் தொங்கவிட்டால் விளையாட்டாகவே கடிக்கப் பழகும்.

பிரிக்கும்போது குட்டியைப் பழகிய இடத்திலேயே விட்டுவிட்டுத் தாயை, சத்தம் கேட்காத தூரத்துக்கு ஓட்டுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே தாயின் அடர்தீவனத்தைக் குறைத்தால் மடி கட்டாது. பிரித்த நாளன்றே ஊசி, குடற்புழு மருந்து என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பிரித்தபின் தானியத்தைக் கூட்டும்போதுதான் கொழுத்த கிடாய்களைத் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் தூக்கும். கால்நடை மருத்துவரைக் கேட்டு, தீவனத்தைக் கூட்டுவதற்கு முன்பே தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள்.