அரசு நிவாரணம் சிலருக்கு 4 லட்சம், சிலருக்கு 20 லட்சம். உயிருக்கு உயிர் விலை மாறுமா? இது நியாயமா?

நியாயமில்லை. ஆனால் தொகையை மட்டும் பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும். எனக்கு ஊர் பாம்பன். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளுக்கு மனு எழுதிக் கொடுப்பதுண்டு, அதனால் சொல்கிறேன்.

புயல், வெள்ளம், சுனாமி என்று மத்திய அரசின் பட்டியலில் உள்ள பேரிடரில் இறந்தால், மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம். 2015இல் வைத்த தொகை. 2022இல் விதிகளைத் திருத்தியபோதும் அதையே விட்டுவைத்தார்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பது அன்றைய முதலமைச்சர் அறிவிப்பதைப் பொறுத்தது. 2017 ஒக்கிப் புயலில் போன மீனவர்களுக்கு முதலில் 10 லட்சம் என்றார்கள்; குமரி மாவட்டம் கொந்தளித்த பிறகு அது 20 லட்சம் ஆனது. 2024 கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்கு 10 லட்சம். அதே ஆண்டு பட்டாசு ஆலை வெடித்துச் செத்தவர்களுக்கு 3 லட்சம். (சாராயம் குடித்தவனுக்குப் பத்தா என்று கொதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணம் போவது பெண்டாட்டி பிள்ளைகளுக்கு.) ஒரே நாளில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை கேமரா வந்தது என்பதுதான் தொகையைத் தீர்மானிக்கிறது.

எங்கள் கரையில் சாவு பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வரும். சாதாரண நாளில் ஒரு வள்ளம் கவிழ்ந்து ஒருவர் போனால் அது பேரிடர் அல்ல, விபத்து. அந்த 4 லட்சம் கிடையாது. மீனவர் விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு, பெயர் பதிவாகியிருந்தால். வலைக்குப் போகிற ஆணின் பெயர் மீனவர் சங்கப் பதிவில் இருக்கும். தீவுப் பக்கம் பாசி எடுக்கிற பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 1964 புயலில் தனுஷ்கோடி ரயிலோடு போனவர்களில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களுக்குக் கணக்கே இல்லை என்று இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இதையெல்லாம் விடக் கொடுமை, உடல் கிடைக்காமல் போவது. என் மதினி வீட்டில் அதுதான் நடந்தது. உடல் இல்லை, அதனால் பிரேதப் பரிசோதனை இல்லை, இறப்புச் சான்று இல்லை, வாரிசுச் சான்றும் இல்லை. தகவலே இல்லாமல் 7 வருடம் போனால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார்கள். படகு ஓனரிடம் அண்ணன் வாங்கியிருந்த முன்பணம் மட்டும் 7 வருடம் காத்திருக்கவில்லை.

ஆனால் ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு 7 வருடம் காத்திருக்காமல் நிவாரணம் கொடுத்தார்கள். மனது வைத்தால் முடியும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. நூறு பேருக்குச் செய்தது ஒரு ஆளுக்கு ஏன் முடியாது? என்னைக் கேட்டால், 20 லட்சத்தை எல்லாருக்கும் ஆக்குவதை விட இதுதான் முதலில் வேண்டும். கடலில் காணாமல் போனவருக்கு ஆறு மாதத்தில் விசாரணையை முடித்து இறப்புச் சான்று கொடுக்க ஒரு விதி. அப்புறம், விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஒரே அடிப்படைத் தொகை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கூடுதலாக.

அதுவரை, யார் வீட்டிலாவது இப்படி நடந்தால் நாலு பேர் பேச்சைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கடலோரக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். படகுக்கு மீன்துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) போட்டிருந்தால் அதன் நகல், கூடப் போனவர்களின் வாக்குமூலம், இரண்டையும் கையோடு எடுத்து வையுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.