முதலில் எந்த மென்பொருள்?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் பழகுகிறேன். பெயர்கள் அசைந்து வர ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வாங்கவா, டாவின்சி ரிசால்வ் போதுமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு காசு செலவழிக்காதீர்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே பெயர்களை அசைய வைக்கும் ஃப்யூஷன் என்ற பகுதி இருக்கிறது, 2018-இல் சேர்த்தார்கள். ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் கிடையாது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி போன்ற நோடுகளைக் கோடுகளால் கோர்க்க வேண்டும். முதல் வாரம் தலை சுற்றும். ரேம் 16 ஜிபியாவது வேண்டும், ஃப்யூஷனுக்கு 32 இருந்தால் நிம்மதி.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதச் சந்தா. ஸ்டுடியோ வேலைக்குப் போவதென்றால் அப்புறம் அதையும் கற்கத்தான் வேண்டும். அதில் தமிழ் தட்டும் முன் டைப் அமைப்பில் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். நான் அதைச் செய்யாமல், ஒரு மணமகள் பெயரில் கொம்பு இடம் மாறிப்போனது. அந்த அப்பாவின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.