498ஏ (மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்தும் குற்றம்) வழக்கில் கணவருக்கு 2 ஆண்டு தண்டனை. இப்போது அப்பீல் போட்டிருக்கிறார். நான் மறுபடி சாட்சி சொல்ல வேண்டுமா? தண்டனை போய்விடுமா?

மறுபடி கூண்டில் ஏற வேண்டியதில்லை. அப்பீலைக் கேட்கும் அமர்வு நீதிமன்றம் (செஷன்ஸ் கோர்ட்) புதிதாக விசாரணை நடத்தாது. தண்டனை கொடுத்த நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தின் வழக்கு ஆவணங்களை வரவழைத்து, நீங்கள் ஏற்கெனவே சொன்ன சாட்சியத்தை வரிவரியாகப் படித்துத்தான் முடிவெடுக்கும். கூடுதல் சாட்சியம் எடுக்க அதிகாரம் உண்டு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 391, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 432), ஆனால் அபூர்வம்.

தீர்ப்பு நாளன்றே அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மனம் உடைய வேண்டாம். தண்டனை 3 ஆண்டுக்கு மேல் போகாமல், ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர் அப்பீல் போடப்போவதாகச் சொன்னால், விசேஷக் காரணம் இல்லாதவரை நடுவர் அவரை ஜாமீனில் விட்டாக வேண்டும். நிறுத்தி வைக்கப்பட்டது தண்டனை மட்டும்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அப்பீல் போட அவருக்கு 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்கள் அந்தக் கணக்கில் சேராது.

அப்பீலில் வழக்கு எங்கே உடைகிறது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒன்று, ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (காயம் எப்படி ஏற்பட்டது என்று டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்). கூடவே கணவரோ மாமியாரோ நின்றதால் பயந்து "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லியிருந்தால், டாக்டர் அதைத்தான் எழுதியிருப்பார். எதிர்த்தரப்பு முதலில் விரிப்பது அந்தத் தாளைத்தான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பது உங்கள் சாட்சியத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அரசு வழக்கறிஞர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று, "போலீஸில் இதைச் சொல்லவில்லை, கோர்ட்டில்தான் புதிதாகச் சொல்கிறார்" என்ற வாதம். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அந்த விடுபடலை உங்களிடமே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் "சொன்னேன்" என்றிருந்தால், வாக்குமூலம் எழுதிய விசாரணை அதிகாரியிடமும் கேட்டு நிரூபித்திருக்க வேண்டும். அங்கே விட்டுவிட்டு அப்பீலில் வாக்குமூலத்தை நீட்டினால் அது செல்லாது. அதிகாரியின் குறுக்கு விசாரணைப் பக்கங்களை அவசியம் படியுங்கள்.

"எல்லோரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்" என்று பொதுவாக மட்டும் சொல்லியிருந்தால், மாமனார், நாத்தனார் விடுதலை ஆகக்கூடும். அதனால் கணவர் மீதான தண்டனையும் விழுந்துவிடாது. ஒவ்வொருவர் மீதும் என்ன சாட்சியம் என்று தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். சாட்சி சொன்னவர்கள் உங்கள் அப்பா, அண்ணன் என்பதும் குறை ஆகாது. நாலு சுவருக்குள் நடந்ததை வேறு யார் பார்த்திருப்பார்கள்?

அவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். இழப்பீடு போதாது என்றால் நீங்களே அப்பீல் போடலாம். அபராதத்திலிருந்து வர வேண்டிய இழப்பீடு அப்பீல் முடியும்வரை கைக்கு வராது. யாரும் அமுக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர்தான். அவருக்கு உதவியாக உங்கள் சார்பில் ஒரு வக்கீல் இருக்கலாம், அனுமதி பெற்று எழுத்துமூல வாதமும் தரலாம். பெண் என்பதாலேயே வருமானக் கணக்கின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். வெளியில் இருப்பவர் தொந்தரவு செய்தால் அப்பீலுக்காகக் காத்திருக்காதீர்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு தனியாக வாங்கலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை.

இந்தக் கட்டத்தில்தான் சமரசம் பேச ஆள் வருவார்கள். தமிழ்நாட்டில் 498ஏ சமரசத்துக்கு உட்படாத குற்றம். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் அமர்வு நீதிபதி அதை வைத்து விடுதலை செய்ய முடியாது, வேண்டுமானால் தண்டனையைக் குறைப்பதற்கு அதைக் கணக்கில் எடுப்பார். சமரசத்தை வைத்து வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். "செஷன்ஸிலேயே முடித்துவிடலாம், இதில் ஒரு கையெழுத்து மட்டும்" என்று யார் காகிதம் நீட்டினாலும், உங்கள் வக்கீல் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.