புரட்டாசியில் வாருங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்குத் தேவகோட்டை. எங்கள் ஐயா பர்மாவில், மோல்மேனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். நான் இருபத்தைந்து வயதில் அமெரிக்கா போனேன். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இடையில் கல்யாணம், காரியம் என்று நாலு நாள் வந்து போனதுதான். இந்த முறை ஒரு மாதம் தங்கினேன். தங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீடு ஹோட்டலாகிவிட்டது. சிறுவயதில் ஓடிப்பிடித்து விளையாடிய நடு முற்றத்தை, அந்த வளவைப் பார்க்கப் போனால் கட்டணம் கேட்டார்கள். டீக்கடையில் இந்தி கேட்கிறது. பங்காளிகள் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பேச ஆரம்பித்த உடனே "எப்பத் திரும்புறீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். வீட்டு விஷயம் எதையும் என்னிடம் கேட்பதில்லை.

நியூஜெர்சியில் மட்டும் என்ன வாழ்கிறது? அலுவலகத்தில் இன்றைக்கும் நான் இந்தியாக்காரன்தான். பிள்ளையார் நோன்புக்கு மாவில் திரி ஏற்றி இழை எடுக்கும்போது புகைமணி அடித்துவிடக் கூடாதே என்று ஒருவர் துண்டை வீசிக்கொண்டே நிற்பார். அங்கேயும் ஒட்டவில்லை, இங்கேயும் ஒட்டவில்லை. நான் எந்தப் பக்கம்?

எம்., நியூஜெர்சி

*

அன்புள்ள எம்.,

ஹோட்டலையும் இந்தியையும் விட, 'வீட்டு விஷயம் எதையும் என்னிடம் கேட்பதில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வலி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் உங்களைப் போல் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் இல்லை. என் அப்பா உங்கள் பக்கத்து வீடுகளில் கணக்கு எழுதியவர். போனவர்களின் வீட்டைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தவர்களின் பிள்ளை நான். அந்த இடத்திலிருந்துதான் இதைச் சொல்ல முடியும்.

உங்கள் ஐயா காலத்தில் போவதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கடைக்கு ஆளாகப் போகிறவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குப் போவார். பெண்டு பிள்ளைகள் இங்கே இருப்பார்கள். கணக்கை ஒப்படைத்துவிட்டு வருவார், கொஞ்ச காலம் இருப்பார், மறுபடி கப்பல் ஏறுவார். அவர் திரும்பி வந்தபோதும் ஊர் மாறித்தான் இருந்தது. முகம் தெரியாத குழந்தை திண்ணையில் நின்றுகொண்டு 'இது யாரு?' என்று கேட்டிருக்கும். ஆனால் வந்த மறுநாளே அவருக்கு வேலை காத்திருந்தது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஏதோ ஒன்றில் அவர் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஏறிய ஒரு குடும்பம். கல்யாணமான ஒவ்வொருவர் பெயரிலும் வரி உண்டு; ரங்கூனில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் கட்டியாக வேண்டும். வீட்டுச் செலவில் பங்கு, பங்காளிகள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு, தங்கை வீட்டுச் சீர். ஊர் மனதுக்கு ஒட்டுகிறதா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

நீங்கள் குடும்பத்தோடு போனீர்கள், திரும்பும் தேதி இல்லாமல் போனீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, காலம் அப்படி. ஆனால் பழைய ஏற்பாடு அதோடு அறுந்துபோயிற்று, அதற்குப் பதில் வேறு ஒன்றை யாரும் செய்துவைக்கவில்லை. இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாக நீங்கள் எழுதுவது எனக்கு வேலையில்லாமல் நிற்கிற தவிப்பாகத்தான் படுகிறது. துண்டை வீசிக்கொண்டு நிற்கிறவரை நான் குறைவாக நினைக்கவே மாட்டேன். 1857இல் பினாங்கிலும் 1859இல் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள் செய்ததும் அதைப் போன்ற காரியம்தான். அங்கே உங்கள் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. இங்கே இல்லை.

பூட்டிய வீடுகளுக்கு வருகிறேன். அது அமெரிக்காவால் வந்தது அல்ல. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியாமல் கீழ்பர்மாவின் நெல்வயலில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார் கைக்கு வந்து சேர்ந்தது. அந்த மண்ணின் மக்களுக்கு அது ஆறாத காயம். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், ஆட்கள் கால்நடையாக மலை தாண்டி வந்தார்கள். பிறகு நிலம் போயிற்று, 1963, 64இல் வங்கிகளையும் கடைகளையும் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கீழே சுவரெல்லாம் முட்டைவெள்ளை கலந்த பூச்சு, கை வைத்தால் வழுக்கும். மேல்மாடி ஏறினால் பூசாத செங்கல். ரங்கூனிலிருந்து பணம் வருவது நின்ற அன்று கொத்தனார் இறங்கியவர்தான் என்று அப்பா சொல்வார். அப்புறம் தேக்குக் கதவும் நிலையும் ஒவ்வொன்றாக வெளியே போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நடந்து பாருங்கள், யார் வீட்டுத் தூண்களோ வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்த எனக்கு, ஹோட்டலான வீட்டின்மேல் கோபம் வரவில்லை. விளையாடிய வளவுக்குக் கட்டணம் கேட்டது சுருக்கென்று குத்தியிருக்கும், புரிகிறது. ஆனால் அந்த வீட்டில் ஓடு ஒழுகவில்லை. சமையலுக்கும் துடைப்பதற்கும் ஊர்ப் பெண்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

டீக்கடையில் இந்தி பேசுகிற பையன் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவனாக இருப்பான். அவனை மட்டும் அந்நியனாகப் பார்க்காதீர்கள். உங்கள் ஐயா மோல்மேனில் தமிழ் பேசியபோது பக்கத்துக் கடைக்காரருக்கும் அது புரியாத பேச்சுதான். இவன் கூலிக்கு வந்திருக்கிறான். நம்மவர்கள் வட்டிக்குக் கொடுக்கப் போனார்கள். அந்த வித்தியாசத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பங்காளிகள் ஏன் கேட்பதில்லை? நாலு நாள் வருகிறவரிடம் ஒழுகுகிற ஓட்டைப் பற்றி எதற்குச் சொல்வது என்ற மரியாதைதான். அந்தப் பாரத்தை யாரோ ஒருவர் சுமந்துகொண்டிருக்கிறார். பெரும்பாலும் ஓர் ஆச்சியாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, அத்தனை பெரிய வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார். காலையில் வளவைச் சுற்றியுள்ள எல்லா அறைக் கதவையும் திறந்துவைத்துக் காற்றாட விட்டு, வெயில் ஏறியதும் மூடுவார். மழை பெய்தால் கையில் சாக்பீஸ் இருக்கும். சொட்டு விழும் இடத்தில் எல்லாம் ஆத்தங்குடித் தரைக்கல்மேல் ஒரு வட்டம். கொத்தனார் வந்ததும் வட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, எந்த ஓடு நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கரண்டு பில்லுக்கு யார் பணம் அனுப்பினார்கள், யார் அனுப்பவில்லை என்று ஒரு நோட்டும் உண்டு. எழுபது வயதுக்கு மேல் அவருக்கு இது தேவையா என்று நான் கேட்டதில்லை. பங்காளிகளில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் யார் என்று தேடுங்கள். 'எவ்வளவு அனுப்ப வேண்டும்?' என்று ஆரம்பிக்காதீர்கள். பணம் பலரும் அனுப்புகிறார்கள், கூட நிற்பதற்குத்தான் ஆள் இல்லை. நோட்டை வாங்கிப் படியுங்கள். இந்த வருடம் என் முறை என்று சொல்லுங்கள். ஒருவர் இருவர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

விடுமுறைக்கும் கல்யாணத்துக்கும் வருவது போதும். அடுத்த முறை புரட்டாசியில் வாருங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால். நாட்டு ஓடு பிரித்து மாற்றுவது அப்போதுதான். குரங்கும் அணிலும் கலைத்துப்போட்ட ஓடுகளைச் சரிசெய்ய ஒரு பெரிய வீட்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது இந்தப் பக்கம் குறைவு, ஆவணியிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும். நீங்கள் டிக்கெட் எடுத்ததும் எனக்கு எழுதுங்கள், நல்ல ஆளாகப் பார்த்துப் பேசி வைக்கிறேன்.