டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்: கேள்வி-பதில்

5 மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, கைகளை விரித்து, அடுத்தடுத்து வெட்டி வெட்டி இழுக்கிறான். வயிற்றுவலி என்கிறார்கள். முதுகில் நான்கு வெள்ளைத் திட்டுகளும் உண்டு.

இது வயிற்றுவலி என்று விட்டுவிடாதீர்கள். இழுப்பைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு இன்றே குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இது 'இன்ஃபன்டைல் ஸ்பாசம்' என்ற வலிப்பாக இருக்கலாம். சிகிச்சை தள்ளிப்போனால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். தூக்கத்தையும் சேர்த்து இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுக்க வேண்டும். 5 மி.மீ.க்குக் குறையாத திட்டுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தோல், சிறுநீரகம், இதயம் போன்ற உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அது உறுதியானால் இந்த வலிப்புக்கு முதல் மருந்து விகாபாட்ரின். பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கக்கூடிய மருந்து என்பதால் கண் பரிசோதனை அவசியம். அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு திரும்பிவிடும்.

எனக்கும் கணவருக்கும் இந்த நோய் இல்லை. மகளுக்கு எப்படி வந்தது? அடுத்த குழந்தைக்கும் வருமா?

நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு டிஎஸ்சி1 அல்லது டிஎஸ்சி2 மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றமே காரணம். பெற்றோர் யாருடைய தவறும் அல்ல. ஆனால் 'இல்லை' என்று சொல்வதற்கு முன் உங்கள் இருவருக்கும் தோல், நகம், கண், சிறுநீரகம் எல்லாம் பார்த்தாயிற்றா? லேசான அறிகுறிகளோடு தெரியாமலே வாழ்பவர்கள் உண்டு. ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. இருவருக்கும் இல்லாவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு, பூஜ்யமல்ல. மகளின் மரபணு மாற்றம் எதுவென்று கண்டுபிடித்த பிறகு கருத்தரித்தால், கருவிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

வயது 28, பெண். இந்த நோய் உண்டு. சிறுநீரகத்தில் 3.5 செ.மீ. கட்டி, வலி இல்லை. சிறுநீரகத்தையே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். இந்த நோயில் பெரும்பாலும் வருவது ஆஞ்சியோமயோலிப்போமா என்ற, புற்றுநோய் அல்லாத கட்டி. அதிலுள்ள ரத்தக்குழாய்கள் பலவீனமானவை, வீங்கி வெடிக்கலாம். 3 செ.மீ.க்கு மேல் போய், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் எவரோலிமஸ் மாத்திரையே முதல் வழி. நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். வாய்ப்புண், கொழுப்பு அதிகரிப்பு வரலாம். கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் சாப்பிட்டால் எவரோலிமஸின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும், முன்பே சொல்லிவிடுங்கள். திடீர் விலாவலி, சிறுநீரில் ரத்தம் என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கசியும் குழாயை மட்டும் உள்ளிருந்தே அடைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். இந்த நோய் பெண்களின் நுரையீரலையும் பாதிக்கலாம் என்பதால் உங்களுக்கு நுரையீரல் சிடி ஸ்கேனும் தேவை. அந்தப் பாதிப்பை அதிகமாக்கலாம் என்பதால் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை வேண்டாம்.

கர்ப்பகால ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் கட்டிகள் தெரிந்தன. ஆபரேஷன் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை, பிறந்த பிறகு தானாகச் சுருங்கும். ரத்த ஓட்டத்தைத் தடுத்தாலோ, துடிப்பு சீர்கெட்டாலோதான் சிகிச்சை. இதயக் கட்டி இந்த நோயின் அடையாளமாக இருக்கலாம். நோய் உறுதியானால், அந்தக் கட்டி கரைந்தாலும் மூளையில் கட்டி வளர்கிறதா என்று பார்க்கும் எம்ஆர்ஐயை விட்டுவிடாதீர்கள்: 25 வயது வரை 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை.