ரெண்டு வரி எழுதினால் சோறு போடுமா?

ஐயா,

சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்து போனதிலிருந்து ஓர் உறுத்தல். அவர் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, “ரெண்டு வரி எழுதி இன்ஸ்டாகிராம்ல போட்டா யார் சார் சோறு போடுவா?” என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ரெண்டு வரிக்கு யாரும் சோறு போடமாட்டார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு, இந்தப் பெண் வேறு என்ன எழுதியிருக்கிறாள் என்று தேடி வருகிறவர்கள் உண்டு. வந்தவர்கள் உட்கார்ந்து படிக்க ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் மகளிடம் இப்போது இல்லாதது அதுதான்.

அவருடைய பக்கத்தை முழுக்கப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் முந்நூறு பதிவுக்கு மேல். பெரும்பாலும் மழை, தனிமை, நினைவுகள், தேநீர். (தேநீர் இல்லாமல் நம் பிள்ளைகளால் சோகப்படவே முடியாதா?) நல்ல லைக் விழுந்திருக்கிறது. ஆனால் அவர் பெயரை அழித்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். நடுவில் ஒன்று மட்டும் என்னை நிறுத்தியது. டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போவது பற்றி:

“காசு வாங்காத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, ‘தொலைச்சிடாதம்மா, செக்கிங் ஏறினா எனக்குத்தான் கேள்வி’ என்கிறார் கண்டக்டர். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக்கூட நான் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.”

இதற்கு லைக் குறைவு. ஆனால் கீழே பதினோரு பெண்கள் தங்கள் ஊர் பஸ் கதையை எழுதியிருந்தார்கள். 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகுதான் தன் அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பழகினார் என்று ஒருவர் சொல்லியிருந்தார். லைக் போட்டுவிட்டுப் போகிறவர் வழிப்போக்கர். தன் கதையைச் சொல்ல நிற்கிறவர்தான் வாசகர்.

அதனால் அந்த பஸ்ஸைப் பற்றி எண்ணூறு வார்த்தையில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். மிச்சமான பஸ் காசில் வீட்டில் என்ன மாறியது, பக்கத்தில் நிற்கும் ஆண்கள் என்ன முணுமுணுக்கிறார்கள், கூடை வைத்திருக்கும் பாட்டி எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார் எல்லாம் வரட்டும். அது முடிந்தால் அதிலிருந்தே ஐந்தாறு குறும்பதிவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுசாக இருக்க வேண்டும். அல்வாக் கடையில் கையில் வைக்கும் துண்டில் முழு ருசியும் இருப்பதால்தான் கால் கிலோ கட்டச் சொல்கிறோம். “மீதியைப் படிக்க லிங்க்கைத் தொடுங்கள்” என்று பாதியில் நிறுத்தினால் எரிச்சல்தான் வரும்.

குறும்பதிவு நல்ல பயிற்சி என்பதையும் சொல்ல வேண்டும். ட்விட்டரில் முதலில் 140 எழுத்துதான் இடம். 2017-இல் அது 280 ஆனது. தமிழுக்கு அதிலும் கொஞ்சம் நஷ்டம். கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்காவதால் மூன்றெழுத்துத் ‘தமிழ்’ அங்கே ஐந்து. முப்பது வார்த்தை தேறினால் அதிகம். அந்தக் குறுகிய இடத்தில் எழுதிப் பழகிய பலரின் கீச்சுகளை ஆனந்த விகடன் ‘வலைபாயுதே’ என்று பக்கம் ஒதுக்கி அச்சிட்டது. எதை வெட்டுவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதை இவ்வளவு சீக்கிரம் கற்றுத் தரும் வகுப்பு வேறு இல்லை.

மகள் ரூபி கௌரை உதாரணம் காட்டினார். சரியான உதாரணம்தான், ஆனால் பாதி. பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த அவர் இன்ஸ்டாகிராமில் கவிதை போட்டுப் பெயர் வாங்கினார், உண்மை. 2014-இல் தன் தொகுப்பைத் தானே வெளியிட்டார் என்பது மீதிப் பாதி. தேடி வந்தவர்கள் கையில் எடுத்துப் போக ஒரு புத்தகம் இருந்தது.

அப்புறம், எழுதியதை எங்கே சேர்த்து வைப்பது என்ற கேள்வி. இதில் நானே சூடுபட்டவன். மூன்று வருடம் ஒரு தளத்தில் எழுதினேன்; ஒரு நாள் காலையில் கணக்கு முடங்கியது. பிரதி வைத்திருக்கவில்லை. எழுதியது, படித்தவர்கள், எல்லாம் ஒரே நாளில் போயிற்று. தளமே போவதும் உண்டு. டிக்டாக்குக்கு 2020 ஜூனில் இந்தியாவில் தடை வந்தது. ட்விட்டர் மாதிரி அதே ஆண்டு இங்கே தொடங்கிய ‘கூ’ தளம் 2024 ஜூலையில் மூடப்பட்டது. இப்படிப்பட்ட தளங்களில் சேரும் கூட்டம் திருவிழாவுக்கு வந்த கூட்டம், நம் கடைக்கென்று வந்ததில்லை. ஆகவே ஒரு வலைப்பூ தொடங்கி, இன்ஸ்டாகிராம் முகப்பில் அதன் லிங்க்கை வைக்கட்டும். பதிவின் வரிகளுக்குள் லிங்க் போட்டால் அங்கே தொட்டாலும் திறக்காது.

மின்னஞ்சல் முகவரி சேர்ப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் நம் வாசகர்கள் மின்னஞ்சலைத் திறப்பதைவிட வாட்ஸ்அப்பைத் திறப்பதே அதிகம். வாட்ஸ்அப் சேனல் தொடங்கலாம். பின்தொடர்பவர்களுக்கு இவருடைய எண் தெரியாது என்பது உங்களுக்கும் நிம்மதி. முகம் காட்டவோ, கல்லூரிப் பெயர் சொல்லவோ அவசியம் இல்லை. புனைபெயர் போதும்.

பணத்துக்கு வருகிறேன். தமிழ் வலைத்தளங்களுக்கு கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் விளம்பரம் தந்து, அதில் வரும் பணத்தில் பங்கும் கொடுக்கிறது. அதை நம்பி மாதச் செலவைத் திட்டமிட வேண்டாம். வருமானம் வேறு வழியில் வரும். விளம்பர நிறுவனத்திலோ, செய்தித் தளத்திலோ, பதிப்பகத்திலோ எழுத்து வேலைக்குப் போனால், “எழுதினதைக் காட்டுங்க” என்பார்கள். அன்று முடித்த கட்டுரைகள் பத்தும், அவற்றுக்கு ஆள் சேர்த்த குறும்பதிவுகளும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். பட்டப்படிப்பை மட்டும் விடக் கூடாது. அதில் நான் உங்கள் கட்சி.

ஒரு செலவை மட்டும் கறாராக மறுத்துவிடுங்கள். தொகுப்பு நூலில் ஒரு கவிதை போட்டு ‘இணை ஆசிரியர்’ சான்றிதழ் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்று மெசேஜ் வரும். பெரும்பாலும் பணம் கட்டிய பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும்தான் அந்தப் புத்தகத்தை வாங்குவார்கள். ஃபாலோயர் விற்கிறோம் என்பவர்களுக்கும் அதே பதில்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வாருங்கள். எத்தனை லைக் என்று நான் கேட்கப்போவதில்லை. பஸ் கட்டுரை முடிந்திருந்தால் அச்செடுத்து வரச் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள். இதுவரை அவர் எழுதிய எதையும் அப்பா படித்ததில்லை என்றார்.