எட்டு மாதக் கோப்பில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூகப்பணியில் முதுகலை முடித்து மூன்று வருடமாகக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். குடி, அடிதடி, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். எட்டு மாதம் வாராவாரம் போய்வந்த ஒரு வீட்டில் அப்பா மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா, "இத்தனை நாள் வந்து நீ என்ன கிழித்தாய்?" என்று என்னைக் கேட்டுவிட்டார். இரவில் தூக்கமில்லை. தியானம் பழகிப் பார்த்தேன், பலனில்லை. கூடப் படித்தவர்கள் இரண்டு மடங்கு சம்பளத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த வேலையில் மனநிறைவு என்று ஒன்று உண்டா? விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அந்தக் கேள்வி வலிக்கத்தான் செய்யும். ஆனால் கேட்டவர் யார் என்று பாருங்கள். கோபத்தைக் காட்டினால் அடி விழும் என்று பழகிய ஒரு பெண், உங்களிடம் பயமில்லாமல் கோபப்பட்டிருக்கிறார். அது அவருக்குச் சாதாரண விஷயமல்ல.

தியானம் பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். சம்பளக் குறை நியாயமானது, நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டியது. இவை இரண்டையும் இத்தோடு விடுகிறேன். அந்த அப்பாவுக்கு வருகிறேன்.

குடியை நிறுத்தியவர் மறுபடி குடிப்பது சிகிச்சையில் எதிர்பார்க்கிற ஒன்றுதான். அதனால் எட்டு மாதமும் வீணாகிவிடாது. இந்தத் தடவை எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார்? நீங்கள் போவதற்கு முன் அதிகபட்சம் எத்தனை நாள் இருந்திருக்கிறார்? இந்த இரண்டு எண்களும் உங்கள் கடிதத்தில் இல்லை. கோப்பிலும் இருக்காது என்றுதான் பயப்படுகிறேன்.

இதைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் பதில் எழுதுகிறேன். இந்த வேலையில் நிறைவு கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்களின் கோப்புகளில் பெரும்பாலும் வெறும் பெயரடைகள்தான் இருக்கும். "பொறுப்பற்ற தாய்." "ஒத்துழைக்காத குடும்பம்." இவை தீர்ப்புகள். ஆறு மாதம் கழித்து இவற்றை எதோடு ஒப்பிடுவீர்கள்? முதல் நாள் எடை பார்க்காத குழந்தை வளர்ந்திருக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்?

முதல் ஹோம் விசிட் குறிப்பு இப்படி இருக்கட்டும்: "50 நிமிடம் இருந்தேன். கைக்குழந்தை மூன்று முறை அழுதது. இரண்டு முறை அம்மா திரும்பவில்லை. மூன்றாவது முறை ஆறு வயது அக்கா பால்புட்டியை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். புட்டியின் அடியில் பழைய பால் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது."

நான்காம் மாதக் குறிப்பு: "குழந்தை இரண்டு முறை அழுதது. இரண்டு முறையும் அம்மாவே தூக்கினார். புட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அக்கா சுவரோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்."

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். ஒரு சிறுமிக்கு அவளுடைய வயது திரும்பக் கிடைத்திருக்கிறது. அப்பா அன்றைக்கும் குடித்திருக்கலாம், ஆனாலும் இது நடந்திருக்கிறது. முதல் குறிப்பு இல்லையென்றால், படம் வரைகிற குழந்தை உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

எழுதுகிற விதம் முக்கியம். அன்றே எழுதிவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் இரண்டு வீடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்டது, கேட்டது, நினைத்தது என்று மூன்றாகப் பிரியுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே மேற்கோளுக்குள் எழுதுங்கள். நினைத்ததில் உங்களையும் சேருங்கள். கதவைத் தட்டும்போது வயிறு கலங்கியது என்றால் அதுவும் தகவல்தான், சூப்பர்வைசரிடம் பேச வேண்டியது. குடும்பத்துக்கு மூன்று நான்கு நடத்தைகளை மட்டும் தேர்ந்து, மாதாமாதம் அவற்றையே எண்ணுங்கள்: பள்ளி போன நாட்கள், அடி விழாத வாரங்கள், அப்பா வீட்டில் தூங்கிய இரவுகள். குடும்ப சிகிச்சையாளர்கள் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்கும் பரப்பிய அளவுகோல் கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்று எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். "மூன்று" என்று பதில் வந்தால், ஏன் பத்து இல்லை என்று கேட்டுவிடாதீர்கள். ஏன் இரண்டு இல்லை என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை அப்படியே எழுதுங்கள்.

எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ரகளை நடந்த நாளில் இரண்டு பக்கம் எழுதுவார்கள். அமைதியான நாளில் "வழக்கம்போல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒரு வருடத்தில் அந்தக் கோப்பு விபத்துகளின் பட்டியலாகிவிடும். அதைப் படிக்கிற அடுத்த பணியாளருக்கும் உங்களுக்கும் தோல்வி மட்டும்தான் தெரியும். சண்டை நடக்காத வாரத்தில் யார் என்ன செய்ததால் நடக்கவில்லை? அதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நிறைவுக்கு ஏங்குகிற பணியாளர் ஆபத்தானவர். குழந்தைப் பாதுகாப்புப் பணியை ஆராய்ந்த டிங்வாலும் கூட்டாளிகளும் 1983-இல் இதற்கு 'நம்பிக்கை விதி' என்று பெயர் வைத்தார்கள். பெற்றோரைப் பற்றி நல்லதையே நினைக்கும் சாய்வு அது. அந்தச் சாய்வில் ஆபத்தின் அறிகுறிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்தால் புட்டி ஒன்பதரைக்கே கழுவப்படும். நேரத்தை மாற்றிப் போங்கள். குழந்தையைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அது தூங்குகிற இடத்தைப் பாருங்கள். முழுக்கைச் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். குடும்பம் தேறிவருகிறது என்று உங்களுக்கே ஆசையாக இருக்கிற வாரத்தில் இதையெல்லாம் தவறாமல் செய்யுங்கள். கண்டதையும் நினைத்ததையும் பிரித்து எழுதச் சொன்னது இதற்காகவும்தான். குறிப்பில் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோல் பதிவாக வேண்டும்.

விடலாமா என்று கேட்டீர்கள். பணிச்சோர்வை அளக்க 1981-இல் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் கேஸாகப் பார்ப்பது, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் முதலாவதும் மூன்றாவதும் தெரிகின்றன, நடுவில் உள்ளது தெரியவில்லை. அந்த அம்மா சொன்னது உங்களை இன்னும் உறுத்துகிறதே! ஆனால் தூக்கமின்மையைக் குறிப்பேடு சரிசெய்யாது. அந்த வீடுகளின் காட்சிகள் இரவில் கண்ணுக்குள் வருகின்றன என்றால் இந்த வாரமே சூப்பர்வைசரிடம் சொல்லி கேஸ்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கேளுங்கள். மருத்துவரையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது, கணக்குக் கேட்பதற்காக இல்லாமல் உங்களுக்காகவே சூப்பர்வைசர் உட்கார வேண்டும். அதைக்கூடத் தராத இடமென்றால் விடுங்கள். தொழிலையல்ல, அந்த இடத்தை.

அதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அந்த அம்மா கேட்டதை, 'கிழித்தாய்' என்ற சொல்லையும் மாற்றாமல், தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, நான் முதன்முதலில் வந்த அன்று இந்த வீடு எப்படி இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் எழுதாமல் விட்ட முதல் பக்கம் அவருக்கு ஞாபகமிருக்கும்.